நூற்று நாற்பதிலிருந்து வயதைக் கழி

நூற்று நாற்பதிலிருந்து வயதைக் கழி.
மிச்சத்தை எடையால் பெருக்கு.
கிரியேட்டினினை எழுபத்திரண்டால் பெருக்கி
அதைக்கொண்டு வகு.
வருகிற எண்தான்
ஒரு நிமிடத்தில் அந்த மனிதரின் சிறுநீரகம்
அலசி அனுப்புகிற அளவு, மில்லியில்.

எலெயுத்தேரியோ செலாயா, வயது நாற்பத்தொன்று.
எண்பத்தேழு என்று நான்தான் போட்டேன்.
கையெழுத்தும் என்னுடையதே.

ஜனவரி. நிக்கராகுவாவின் மேற்குச் சமவெளி.
வெட்டுவதற்கு முன் கரும்பைக் கொளுத்துவார்கள்;
கரித்தூள் வந்து மருந்தக ஜன்னலில் உட்காரும்,
துடைத்தால் கோடு விழும்.
கத்தி நழுவிக் கெண்டைக்கால் பிளந்து
மூன்று நாள் துணி சுற்றிக்கொண்டே வெட்டியபின்
காய்ச்சலோடு வந்தார்.
சட்டைப்பையில் நவம்பர் மாதச் சீட்டு,
வேலைக்கு எடுக்கும்போது ஆலை பார்த்த இரத்தம்:
ஒன்று புள்ளி ஒன்று.
எடை? அவரால் நிற்க முடியவில்லை.
"எழுபது இருக்கும்" என்றாள் நர்ஸ் நூபியா.
எழுபது என்றே எழுதினோம்.

செஃபிபைம், இரண்டு கிராம், எட்டு மணிக்கொருமுறை.

மூன்றாம் இரவு காய்ச்சல் இறங்கியிருந்தது.
வலக்கை மட்டும்
வெட்டி, உதறி, வெட்டி, உதறி
கட்டிலுக்கு மேலே காற்றில்
கரும்பு சாய்த்துக்கொண்டிருந்தது.
வரிசை எண்ணினார்.
பதினொன்று. பதினொன்று.
அதற்கு மேல் போகவில்லை.
மனைவி யமிலெத் சொன்னாள்:
"தூக்கத்தில் வேலை செய்கிறார், விடுங்கள்.
வீட்டிலும் இப்படித்தான்."
வீட்டிலும் கண்ணைத் திறந்துகொண்டா, என்றேன்.
அவள் பதில் சொல்லவில்லை.

லேப் கதவைத் தட்டித் தாளை வாங்கினேன்.
நான்கு புள்ளி எட்டு.
ஆலைச் சீட்டுக்கும் இதற்கும் நடுவே
இரண்டு மாத வெயில்.
சமையற்கூடத்தில் அரிசி மூட்டை நிறுக்கும் தராசு இருந்தது.
காவலாளியும் நானும் போர்வையோடு தூக்கி வைத்தோம்.
போர்வை போக, ஐம்பத்திரண்டு.

அவர் வெட்டியதெல்லாம்
நாள்தோறும் டன் கணக்கில் எடைமேடை ஏறியது.
அவரை ஒருவரும் நிறுத்துப் பார்த்ததில்லை.

திரும்ப வகுத்தேன். பதினைந்து.
அதுவும் சரியில்லை;
சரிந்துகொண்டே இருக்கும் சிறுநீரகத்தை
எந்தச் சூத்திரமும் எட்டிப் பிடிக்காது.
எண்பத்தேழுக்கென்று ஊற்றிய மருந்து
பதினைந்தின் வாசலில் நெருக்கியடித்து நின்று
போக்கிடமில்லாமல் மூளைக்கு ஏறியிருக்கிறது.
அந்தக் கையை ஆட்டியது கிருமி அல்ல.

நான்கு மணி டிரிப்பை நிறுத்தினேன்.
நிறுத்துவது யாருக்கும் வரும்.
காலில் சீழ் அப்படியே இருந்தது,
கிருமி பட்டினி கிடக்குமா நம் பிழைக்காக?
டாக்டரை எழுப்பி, ஒரு நாள் விட்டு,
பிறகு நாளொன்றுக்கு ஒரே ஒரு கிராம்
என்று எழுதி வாங்கினேன்.
ஐந்தாம் நாள் கை அடங்கியது.
விட்ட இடத்திலிருந்து, தெளிவாக,
"பன்னிரண்டு" என்றார்.

மறுவாரம் அதே கும்பலிலிருந்து ஓஸ்மின்,
இருபத்தாறு வயது, கிரியேட்டினின் ஐந்து,
இரத்த அழுத்தம் பாதாளத்தில்.
பயந்துபோன டாக்டர்
முதல் டோஸையே கால்வாசியாக்கி எழுதியிருந்தார்.
சீட்டைத் திருப்பி அனுப்பினேன்.
அவரே இறங்கி வந்தார்.
முதல் டோஸுக்குச் சிறுநீரகம் தெரியாது, டாக்டர்.
காலிக் குடம். அது நிறையட்டும்.
ஓட்டை பெரிதா சிறிதா என்ற கணக்கெல்லாம்
இரண்டாவதிலிருந்துதான்.
முழுசாகக் கொடுங்கள். பிறகு பொறுங்கள்.

"போன வாரம் நீங்கள்தானே..." என்றார்.
நான்தான்.
அதனால்தான் சொல்கிறேன் என்று சொல்ல வந்து
சொல்லவில்லை.
மருந்தை எடுத்துக் கொடுத்தேன், முழுசாக,
கை கொஞ்சம் நடுங்கியது.

தராசு இப்போது மருந்தகத்தில் இருக்கிறது.
தினமும் காலையில் சமையற்காரி வந்து
அரிசிக்கு அதைக் கேட்டுச் சண்டை போடுகிறாள்.